புழுதிக்குள் கேட்ட மணி

எங்கள் அலுவலகத்தில் காலையில் முதல் வேலை, அவரவர் மேசையிலிருக்கும் திரையின் மின் ஒயரைக் கழற்றிக் கொடுப்பது. கம்பெனியை நடத்துகிற ரேணுகா மேடம் ஒரு பச்சை ஒயர் கூடையோடு மேசை மேசையாக வருவார். காய்கறி வாங்கப் போகிற கூடைதான். ஆளுக்கொரு ஒயரை அதில் போட்டதும் கூடை அவருடைய அறைப் பீரோவின் மேல் ஏறிவிடும். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் எங்கள் சோதனைப் பிரிவின் ஆறு திரைகளும் கறுப்பாகவே நிற்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள், "கரண்ட் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, மேலே விசிறி சுற்றுவதைப் பார்த்து விழிப்பார்கள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது பார்வையில்லாதவர்கள் ஆடுவதற்கான வீடியோ கேம். அவர்கள் எப்படி ஆடுவார்களோ அப்படித்தான் நாமும் சோதிக்க வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். திரை எரிந்தால் கண் முந்திக்கொள்ளும், காது சோம்பேறியாகிவிடும் என்பார். அதில் ஒரு குற்றமும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

போன மாதம் கீர்த்தனா போன் செய்தாள். நான் வேலையில் இருந்தபோது எனக்குக் கீழே சேர்ந்த பெண். இப்போது அவளே ஒரு குழுவை நடத்துகிறாள்.

"அக்கா, இப்பெல்லாம் திரையில என்ன இருக்குதுன்னு சாப்ட்வேரே பாத்துச் சொல்லிப்போடுதுங்க. நாம ஒக்காந்து எழுத வேண்டியதே இல்லீங்க. ஆனா அது சொல்றது செரியான்னு எப்படிப் பாக்கறதுன்னு இங்க ஒருத்தருக்கும் புரியலீங்க. நீங்க ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கக்கா."

எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதுவது சுலபம். நான் எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்பதை மறைத்துவிட்டு அதை எழுதினால் அது புளுகு. ஆகவே இது ரெண்டு பக்கத்தில் அடங்காது. கீர்த்தனா பொறுத்துக்கொள்ளட்டும்.

என் உத்தியோகத்தின் முதல் இருபத்தைந்து வருஷத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில், பம்போடு அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிற தமிழ்க் கையேட்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அதில் கற்றது ஒரே ஒரு பாடம். "சுவிட்சை உடனே அணைக்கவும்" என்று முதலில் சொல்லிவிட வேண்டும், காரணம் அப்புறம். காரணத்தை முன்னால் எழுதினால், விவசாயி அதைப் படித்து முடிப்பதற்குள் மோட்டார் கருகிவிடும். இந்தக் கையேடு ஒன்று எப்படியோ ரேணுகா மேடத்தின் கையில் கிடைத்து, அதை எழுதியது யார் என்று விசாரித்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு வீடியோ கேம் கம்பெனியில் வேலை. அவிநாசியில் இருக்கும் என் தங்கை ஒரு வாரம் சிரித்தாள்.

மேடத்தின் குடும்பம் முன்பு மில் வைத்திருந்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைவிட அழுத்தமான கோயமுத்தூர்த் தமிழ். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் 'ங்க' கூடும். "இது செரியில்லீங்க" என்றால் சாதாரணம். "ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாத்துச் செஞ்சீங்கன்னா நல்லா இருக்குமுங்களே" என்று வந்தால் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காது.

எங்கள் கேமின் பெயர் 'சந்தைக் கலகம்'. சந்தைக்கு விற்க வந்த எருமையும் ஆடும் சேவலும் கழுதையும் கயிற்றை அறுத்துக்கொண்டு, சந்தையை யார் பிடிப்பது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும். சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆட வேண்டும். நீங்கள் ஒருமுறை, எதிராளி ஒருமுறை. சண்டைதான், ஆனால் கொங்குச் சீமைச் சண்டை, மரியாதை குறையாது. எருமை, "தப்பா நெனைச்சுக்காதீங்க, முட்டப் போறேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் முட்டும். சேவல், "கொஞ்சம் திரும்பி நில்லுங்க, முதுகுல கொத்தோணும்" என்று கேட்கும். ஒவ்வொரு படைக்கும் தளபதியாக ஒரு கிடாய். தளபதி விழுந்தாலும் ஆட்டம் முடியாது, ஆனால் அப்புறம் ஜெயிப்பது கஷ்டம். விழும்போது அது சொல்கிற வசனத்தை நான்தான் எழுதினேன்: "அப்ப நான் போயிட்டு வாரேனுங்க. யாரும் எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க ஒக்காருங்க."

ஒரு விஷயத்தை மட்டும் வாசிப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் புழுதி. இத்தனை மிருகம் ஓடுகிற சந்தையில் புழுதி கிளம்பாமல் இருக்குமா? உங்கள் மிருகங்களைச் சுற்றி நாலு கட்டத்துக்குத்தான் தெளிவு. அதற்கு அப்பால் புழுதி மூடியிருக்கும். அதற்குள் எதிராளி எதை ஒளித்து வைத்திருக்கிறான் என்று தெரியாது. ஊகித்துத்தான் ஆட வேண்டும். அந்த ஊகம்தான் ஆட்டமே.

கண்ணுள்ளவன் ஒரு பார்வையில் இதையெல்லாம் வாங்கிக்கொள்வான். காதுக்கு ஒவ்வொன்றாகத்தான் சொல்ல முடியும். அதற்காக நாங்கள் செய்த ஏற்பாடு இது. ஒவ்வொரு மிருகத்தின் கழுத்திலும் ஒரு மணி. எருமைக்கு மரமணி, ஆட்டுக்குச் சின்ன வெண்கல மணி, கழுதைக்குத் தகர டப்பா, சேவலுக்கு மட்டும் சிறகடிப்பு. கிழக்கே நின்றால் வலது காதில், மேற்கே நின்றால் இடது காதில். வடக்கே போகப் போக ஓசை கூராகும், தெற்கே போகப் போகத் தடிக்கும். தூரம் கூடினால் மெலியும். மணி ஓய்ந்ததும் ஒரு குரல், "கிழக்கால மூணு கட்டம், எருமை, காயம்" என்று செய்தி சொல்லும். செய்திக்குப் பிறகுதான் வேடிக்கை வசனம். எந்த விசையைத் தட்டினாலும் வசனம் நின்றுவிடும், செய்தி நிற்காது. பம்புக் கையேட்டின் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தேன்.

மணிக்கும் குரலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை மேடமே தீர்மானிப்பார். கண்ணை மூடிக்கொண்டு, கைவிரலால் மேசையில் தட்டி, "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணுவார். இரண்டில் குரல் வந்தால் அவசரம், மூன்றைத் தாண்டினால் தூக்கம். ஒரே இடைவெளிக்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறோம்.

பார்வையில்லாத ஒருவரே சோதித்துச் சொல்ல வேண்டும் என்று மேடம் தேடிப் பிடித்தவர் மயில்சாமி அண்ணன். பொள்ளாச்சி பக்கம் அவருடைய தம்பி தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். களத்தில் வந்து குவிகிற தேங்காயை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து விரல் முட்டியால் தட்டி, முற்றல், இளசு, அழுகல் என்று மூன்று குவியலாகப் பிரிப்பதுதான் அவர் வேலை. அவர் தட்டிச் சொன்ன காய் தவறியதில்லை என்று வியாபாரிகள் சொல்வார்கள். கம்ப்யூட்டரை ஏதோ பயிற்சி மையத்தில் முன்பே கற்றிருந்தார். கேமை வீட்டுக்கே அனுப்பிவிடுவோம். ஆடிப் பார்த்துவிட்டு அவர் போனில் குறைகளைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன்.

முதல் நாளே என் மூக்கை உடைத்தார். அவர் மனம் நோகக் கூடாதே என்று, வசனத்தில் எங்கேயும் 'பார்' என்ற சொல்லோ 'கண்' என்ற சொல்லோ வராமல் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன்.

"ஏனுங்க அம்மணி, இந்தக் கழுதை 'கவனித்து வாருங்கள்'ங்குது. கழுதை என்ன காலேஜ் வாத்தியாருங்களா?"

"இல்லீங்கண்ணா, 'பாத்து வாங்க'ன்னு எழுத ஒரு மாதிரி இருந்துதுங்க."

"நானே ஊட்ல டிவி பாத்தேன்னுதானுங்க சொல்றேன். உங்க கழுதைக்கு என்னங்க வந்துது?"

அன்று மாலையே எல்லாக் கழுதையையும் திருத்தினேன். அதன் பிறகு எங்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு சிங்காநல்லூர் வீட்டில் நான் மட்டும்தான். காலையில் எழுந்து ஆபீஸ் போய் யாராவது 'வாங்கக்கா' என்று சொல்லும்வரை என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். மயில்சாமி அண்ணனோடு ஒரு ஆட்டம் தொடங்கினேன். தினம் காலையில் ஆளுக்கு ஒரு முறை. காப்பி குடித்துக்கொண்டே கணினியைத் திறந்தால், "உங்கள் முறை" என்று குரல் வரும். கூடவே போனில் அவருடைய பேச்சு ஒன்று பதிவாகி வந்திருக்கும். பின்னணியில் தேங்காய் உருளும் சத்தம். "அம்மணி, உங்க சேவல் நேத்து எம்பட எருமைகிட்ட வாங்கிக் கட்டிக்கிச்சு பாத்தீங்களா? இன்னைக்கு மழ வரும்போல இருக்குது. கொடை எடுத்துட்டுப் போங்க." அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் அலாரம் வைத்து எழுந்தேன் என்று சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

அவர் என்னைத் தோற்கடித்தார். ஆபீஸில் எல்லோரையும் தோற்கடித்தார். கேமை வடிவமைத்த பிள்ளைகளே அவரிடம் தோற்றார்கள். புழுதிக்குள் கிடாயை எங்கே ஒளித்தாலும் அவருடைய சேவல் நேராக அங்கே போய் நிற்கும். "அவருக்குக் காதுதானுங்க கண்ணு" என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். களத்தில் மூட்டை தூக்குகிறவர்களிடம், "கோயமுத்தூர் இஞ்சினீருங்களை எல்லாம் தோக்கடிச்சுப்போட்டேன்" என்று அவர் சொல்வாராம். முன்பெல்லாம் அவரைக் கேட்காமலேயே வீட்டு விஷயங்களை முடிவு செய்த தம்பி, இப்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கிறார் என்று ஒருநாள் பதிவில் சொன்னார். சொல்லிவிட்டு இருமினார்.

கேம் வெளியாக இரண்டு வாரம் இருந்தது. கேமை வாங்கி விற்கப் போகிறவர்கள் வந்து பார்ப்பதாக இருந்தார்கள். அவர்களுக்குக் கண் உண்டே. அவர்களுக்காகத் திரையை எரியவிட்டு ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. கூடையிலிருந்து என் ஒயரை எடுத்து மாட்டினேன். வருகிறவர்களுக்காக வாங்கிய நல்ல ஹெட்போனையும் போட்டுக்கொண்டேன். திரையில் புழுதி அழகாகத்தான் இருந்தது. ஆனால் வலது காதின் ஓரத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி, ஒரு வெண்கல மணி. வடகிழக்கே, வெகு தூரத்தில். திரையில் அந்த இடத்தில் புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. என் சேவலை அங்கே ஓட்டினேன். புழுதி விலகியது. எதிராளியின் ஆடு நின்றுகொண்டிருந்தது.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். எந்த மிருகத்துக்கு எந்த மணி, அது எப்போது அடிக்க வேண்டும் என்ற பட்டியலை எழுதியவள் நான். 'சந்தையில் உள்ள எல்லா மிருகங்களுக்கும்' என்று எழுதியிருந்தேன். 'புழுதிக்குள் இருப்பவை நீங்கலாக' என்று எழுதவில்லை. நிரல் எழுதுகிற பிள்ளைகள் நான் எழுதியதை எழுதியபடி செய்திருந்தார்கள். பேசுகிற குரல் புழுதியை மதித்தது, மணி மதிக்கவில்லை. ஆபீஸின் சாதாரண ஹெட்போனில், விசிறிச் சத்தத்தில், எங்கள் யார் காதுக்கும் அது எட்டவில்லை. தேங்காய் தட்டுகிற காதுக்கு எட்டியது. நல்ல காது உள்ளவனுக்கு இது கிடைக்கும், கேமின் அமைப்பே அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார். திரையையும் ஒலியையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை. ஒயரெல்லாம் பீரோ மேல் கூடையில் இருந்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். மேசையில் விரல் தட்டியது. மூன்று வரைக்கும் எண்ணிவிட்டுச் சொன்னார்.

"பட்டியல் உங்களுதுங்க. கூடை என்னுதுங்க. ரெண்டு பேரும் சேந்து செஞ்ச தப்புதானுங்க. மணியை இன்னைக்கே எடுத்துப்போடுங்க. மயில்சாமி அண்ணன்கிட்டயும் இன்னைக்கே சொல்லிப்போடுங்க. அவருக்கு வேற யாரும் சொல்லக் கூடாதுங்க, நீங்கதான் சொல்லோணும்."

மணியை அன்றே எடுத்தோம். அவரிடம் நான் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து மேடம் கேட்டார். "சொல்லிட்டேனுங்க மேடம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அவர் மனம் உடையக் கூடாது என்பதற்காக என்று முதலில் சொல்லிக்கொண்டேன். அது பொய். நீங்கள் ஜெயித்ததெல்லாம் எங்கள் பிழையால் என்று சொன்னால் அவர் ஆட்டத்தை விட்டுவிடுவார். காலையில் அந்தக் குரல் வராது. அதுதான் பயம். என் ஒரு நிமிஷத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவரை இருட்டில் விட்டேன்.

கேம் வெளியானது. அண்ணன் தோற்க ஆரம்பித்தார். முதலில் சிரித்தார். "இந்த வாரம் சனி பாக்கறானுங்க" என்றார். பிறகு பேச்சுப் பதிவுகள் சுருங்கின. மழை, குடை எல்லாம் போயிற்று. நான் வேண்டுமென்றே என் எருமையை அவர் வாயில் கொண்டுபோய் நிறுத்தினேன். "அம்மணி, எனக்காகத் தோக்காதீங்க" என்று ஒரே வரி வந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். நேரடியாகப் போன் செய்தார்.

"கோயமுத்தூர்ல நல்ல காது டாக்டர் யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க அம்மணி."

"ஏனுங்கண்ணா?"

"தூரத்து மணி கேக்க மாட்டேங்குதுங்க. முன்ன எல்லாம் கேட்டுட்டு இருந்துது. ஒரு மாசமா சுத்தமா இல்லீங்க. காது போகுதாட்ட இருக்குது."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். நான் ஒரு டாக்டரின் முகவரியைச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக்கொண்டு நன்றி சொன்னார். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அது.

தம்பியோடு பஸ் ஏறி வந்து சோதித்துவிட்டுப் போனார். காதில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் நிம்மதியானேன். மூன்றே வாரம். மறுபடியும் போன்.

"டாக்டரு மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாருங்க. எனக்குத் தெரியாதுங்களா? நேத்தையிலிருந்து களத்துல காயைத் தொடறதில்லீங்க. எளசு எது, முத்தல் எதுன்னு தட்டறேன், நெசமாலுமே அப்படித்தான் கேக்குதா, இல்ல நானா நெனைச்சுக்கறனான்னு தெரியலீங்க. தம்பி வேற ஆளு பாக்கறான்."

கண் இல்லாத மனிதருக்குக் காதின்மேல் சந்தேகம் வந்தால் அவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? மறுநாள் காலை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன்.

களத்து ஓரத்தில் சாக்குக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தேங்காய் மலை மாதிரிக் கிடந்தது. அவர் கை மடியில் இருந்தது. என் செருப்புச் சத்தத்தைக் கேட்டதும் முகம் திரும்பியது. நேரில் பார்த்துக்கொள்வது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

"ஆருங்க?"

"நான்தானுங்கண்ணா."

"அம்மணி! வாங்க வாங்க. இத்தன தூரம் எதுக்குங்க வந்தீங்க? ஏனுங்க, ஆராச்சும் ஒரு எளநி வெட்டிட்டு வாங்க!"

இளநீர் வந்தது. குடிக்க முடியவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அண்ணா, உங்க காதுக்கு ஒண்ணும் ஆகலீங்க. மணிதான் இல்லீங்க. அது எங்க தப்பால கேட்டுட்டு இருந்துதுங்க. கண்டுபுடிச்சு எடுத்துப்போட்டோமுங்க."

"எப்பங்க?" என்றார் அவர்.

"ரெண்டு மாசம் ஆச்சுங்க."

"ரெண்டு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"டாக்டர் அட்ரஸ் குடுத்தப்ப?"

"அப்பவும் தெரியுமுங்க."

களத்தில் யாரோ மட்டையை இழுத்துப் போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை இருந்தார். பிறகு லேசாகச் சிரித்தார்.

"அப்ப அத்தன நாளும் புழுதிக்குள்ள நான் ஒருத்தந்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். கண்ணு இருக்கிற உங்களுக்கெல்லாம் ஒண்ணும் தெரியாம."

"ஆமாங்கண்ணா."

சிரிப்பு நின்றது.

"ஜெயிச்சதை எல்லாம் எடுத்துக்கோங்க அம்மணி. மணி உங்களுது. காது என்னுதுங்க. அதை எதுக்குங்க எடுத்தீங்க?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "இருக்கட்டுங்க" என்றார். வீட்டு ஆளைக் கூப்பிட்டு, பையில் நாலு தேங்காய் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கோபத்திலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத மனிதர். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, வெயிலுக்கு முந்திப் போயிருங்க" என்றார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை.

ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அப்போது பின்னால் கேட்டது. டொக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் டொக், டொக். காய் ஒன்று குவியலில் போய் விழுந்தது. அடுத்தது. அவர் தட்ட ஆரம்பித்துவிட்டார். பஸ் வரும்வரை அதைக் கேட்டுக்கொண்டு நின்று அழுதேன்.

மறுநாள் மேடத்திடம் போய், அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டேன். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி என்றுதான் போனேன். அவர் எழுந்து பீரோ மேலிருந்த கூடையை எடுத்து, என் ஒயரைத் தேடி என் கையில் கொடுத்தார்.

"இனிமே ரெண்டு ரெண்டு பேரா ஒக்காரலாமுங்க. ஒருத்தருக்குத் திரை எரியட்டுங்க, ஒருத்தருக்கு வேண்டாமுங்க. அவங்க பாத்ததை இவங்ககிட்டச் சொல்லோணும், இவங்க கேட்டதை அவங்ககிட்டச் சொல்லோணும். சொல்லாம வெச்சுக்கறது இனி இங்க வேண்டாமுங்களே."

கீர்த்தனா, நீ கேட்ட ரெண்டு பக்கம் இதுதான். சாப்ட்வேர் சொல்வது சரியா என்று பார்க்க இதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது.

பொள்ளாச்சியிலிருந்து திரும்பிய அடுத்த நாள் காலை, எங்கள் ஆட்டத்தில் முறை என்னுடையது. என் தளபதிக் கிடாய் புழுதிக்குள் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுத்து, வெட்டவெளியில், அவருடைய சேவலுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தினேன். மன்னிப்பை வேறு எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்காகத் தோக்காதீங்க என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருந்தும் அப்படித்தான் செய்தேன். "எதிராளியின் முறை. காத்திருக்கவும்" என்றது குரல்.

காத்திருந்தேன். பேச்சுப் பதிவு மூன்று அனுப்பினேன். அவர் கேட்டதற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. சாதாரணமாக இந்த மாதிரி ஆட்டங்களில் நாலு நாள் ஆடாமல் விட்டால் ஆட்டம் கலைந்துவிடும். எங்கள் கேமில் கலையாது. காதால் கேட்டு ஆடுகிறவர்களுக்கு நேரம் பிடிக்கும், கால வரம்பே கூடாது என்று மேடத்திடம் ஒரு வாரம் வாதாடி அதை எடுக்க வைத்தவள் நான். ஆகவே அந்த ஆட்டம் அப்படியே நின்றது. நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளும் அதே நேரத்துக்கு விழிப்பு வந்தது. காப்பியோடு கணினியைத் திறந்தேன். "எதிராளியின் முறை. காத்திருக்கவும்." வீட்டில் வேறு குரல் இல்லை என்பதால் அதையாவது கேட்டுவிட்டு எழுந்திருப்பேன். இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இதை எழுத ஆரம்பித்த பிறகு, போன வியாழக்கிழமை காலை, திறந்ததும் மரமணியோ டப்பாவோ இல்லை, சேவலின் சிறகடிப்பு. அதன் பின்னால், நான் எழுதி, ஆயிரம் தடவை சோதித்து, கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அந்த வசனம்:

"அப்ப நான் போயிட்டு வாரேனுங்க. யாரும் எந்திரிக்காதீங்க, ஒக்காருங்க ஒக்காருங்க."

நான் சிரித்தேன். தனியாக ஒரு வீட்டில் வாய்விட்டுச் சிரிப்பது எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. என் கிடாயைக் கொன்றுவிட்டார். கோபம் தீர்ந்து கொன்றாரா, தீராமல் கொன்றாரா, களத்தில் வேலையில்லாத ஒரு பொழுதில் கை போன போக்கில் செய்தாரா, எனக்குத் தெரியாது. பேச்சுப் பதிவு எதுவும் வரவில்லை.

"உங்கள் முறை" என்றது குரல்.

நாலு நாளாக ஆடாமல் வைத்திருந்தேன். ஆடிவிட்டால் மறுபடியும் காத்திருக்க வேண்டுமே என்ற பயம். ஆடாதவரை, தினம் காலையில் "உங்கள் முறை" என்று யாரோ என்னைக் கூப்பிடுவதுபோல இருந்தது. இன்று காலை மணியைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அங்கே ஒருவர், நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமல் காத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுபடியும் அவரிடம் எதுவும் சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எருமையை இரண்டு கட்டம் கிழக்கே நகர்த்தி அவருடைய சேவலை முட்டினேன். விட்டுக்கொடுத்து இல்லை, ஜெயிக்கிற மாதிரிதான் ஆடினேன். காப்பி ஆறிப்போயிருந்தது.

"எதிராளியின் முறை. காத்திருக்கவும்."